நூற்றியொரு தட்டு

போன ஆவணியில் என் தங்கை தையல்நாயகியின் புது வீட்டுக்கு நாங்கள் சீர் கொண்டு போனதைப் பற்றி எங்கள் ஊரில் நான்கு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அதில் மூன்று விதத்தில் நான் ஏமாந்தவன். நான்காவதில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது. குடும்பத்தில் மூத்தவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என் கடமை.

முதலில் எங்கள் குடும்பம். மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில் நான்கு தலைமுறையாகச் சொந்த நிலத்தில் நெல்லும் கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் போடுகிறவர்கள். எங்கள் வீட்டுப் பெண் வாழும் வீட்டில் ஒரு நல்லது நடந்தால் இருபத்தொரு தட்டுக்குக் குறையாமல் சீர் போகும். என் அப்பா காலத்தில் மழையே இல்லாத ஒரு வருஷம் அத்தை வீட்டு விசேஷம் வந்தது. அப்போதும் இருபத்தொரு தட்டு போனது. அதில் ஏழு தட்டில் பூசணிக்காய்தான் இருந்தது என்பது வேறு விஷயம். எண்ணிக்கை குறையவில்லை.

தையல் எனக்குப் பதினான்கு வயது இளையவள். செஞ்சியில் கட்டிக்கொடுத்தோம். மூன்றாம் வருஷம் ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். காரணம் கேட்டதற்கு, அவர் நல்லவர்தான், எனக்குத்தான் ஒட்டவில்லை என்றாள். அங்கன்வாடி வேலை கிடைத்துத் திண்டிவனம் போனாள். அங்கே போலியோ சொட்டு மருந்து முகாமில் ஜெசிந்தா என்ற நர்ஸோடு பழக்கமானாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வீட்டில் நாங்கள் முதலில் ‘கூட வேலை செய்கிற அம்மா’ என்றோம். பிறகு ‘கூடத் தங்கியிருக்கிற அம்மா’ என்றோம். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காணும் பொங்கலன்று தையலே வந்து என் நாற்காலிக்கு எதிரில் நின்று சொல்லிவிட்டாள்.

“அண்ணே, எனக்கு வாழ்க்கைன்னா அது ஜெசிந்தாகூடத்தான். அதுக்கு நீ இன்னா பேரு வேணும்னாலும் வெச்சுக்கோ. தோழின்னு மட்டும் சொல்லிக்கினு இருக்காத. எனக்குக் கூச்சமா இருக்குது.”

நான் பேர் எதுவும் வைக்கவில்லை. அவர்கள் இருக்கும் வீட்டின் வாசலை மிதிப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன். ஜெசிந்தா ஒரு பெண் என்பது ஒரு காரணம். அவளுடைய அம்மா சவுரியம்மாள் எங்கள் பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து எங்கள் நிலத்துக்கு மல்லாட்டை பிடுங்க வந்தவர் என்பது இன்னொரு காரணம். மகனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்ததும் குடும்பமே விழுப்புரம் போய்விட்டது. இரண்டில் எது பெரிய காரணம் என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. யாரும் கேட்கவில்லை. என்னிடம் அப்படியெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆடி முடியும் சமயத்தில் ஒரு பகல் நேரம் தையல் வெற்றிலைபாக்குத் தட்டோடு வந்தாள். தட்டில் ஒரு பத்திரிகை. மரக்காணம் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஒரு நகரில் இரண்டு பேரும் சேர்ந்து வீடு கட்டியிருக்கிறார்கள். ஐயரும் கிடையாது, ஃபாதரும் கிடையாது, பால் மட்டும் காய்ச்சப் போகிறார்கள். பத்திரிகையின் அடியில் இரண்டு பேர்களும் ஒரே வரியில் அச்சாகியிருந்தன. என் மனைவி ஜெயத்திடம்தான் பேசினாள். ஆனால் பேப்பருக்குப் பின்னால் இருந்த எனக்குக் கேட்கிற மாதிரி பேசினாள்.

வாடகை வீடு மூன்று மாற்றியாகிவிட்டதாம். முதல் வீட்டுக்காரர் மாதா மாதம் வந்து வீட்டில் ஆம்பளை யார் என்று கேட்பாராம், போன மாதம் சொன்ன பதில் மறந்துவிட்டது போல. இரண்டாவது வீட்டில் கருவாட்டு வாசம் என்றார்களாம். கீழ்வீட்டில் தினமும் கருவாடுதானாம். மூன்றாவது வீட்டுக்காரர் தன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று பத்து நாளில் காலி பண்ணச் சொன்னாராம். முழங்கால் வலியோடு ஜெசிந்தா அத்தனை சாமானையும் படியிறக்கினாளாம். இப்போது சொந்த வீடு. ஆனால் எதிர்வீட்டில் ஜெகதீசன் என்று ஒருவர், குடியிருப்போர் சங்கச் செயலாளர், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டாராம், உங்களுக்கென்று யாரும் இல்லையா என்று.

“சொந்த வீட்டுலேர்ந்து யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது அண்ணி,” என்றாள் தையல். “ஆனா தெருவே மூஞ்சியத் திருப்பிக்கிச்சுன்னா அதுவும் அதேதான். பொறந்த வீட்டுலேர்ந்து ஒரு சீர் வந்து எறங்கிட்டா, அப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. எங்களுக்கு ஐம்பது வயசுக்கு மேல ஆவுது. இனிமே மூட்டை கட்ட முடியாது.”

நான் பேப்பரை இறக்காமலே, வருவதற்கில்லை என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். மோரைக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டே ஜெயத்திடம் சொன்னாள்.

“பரவால்ல அண்ணி. ஜெசிந்தா அண்ணன் பிரான்சிஸ் விழுப்புரத்துலேர்ந்து இருபத்தொரு தட்டு எடுத்துக்கினு வர்றாராம். தெரு பாக்கறதுக்கு அது போதும்.”

அவள் போய் அரை மணி நேரம் நான் அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அது வரி விளம்பரப் பக்கம் என்று பிறகுதான் கவனித்தேன்.

பிரான்சிஸை நான் பார்த்ததில்லை. ஆனால் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பால் வாங்கக் கடைக்குப் போனாலும் இஸ்திரி போட்ட சட்டையோடுதான் போவார் என்று கேள்வி. நானும் அப்படித்தான் போவேன் என்பதால் அந்தச் செய்தி எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது அவர் இருபத்தொரு தட்டோடு வந்து நிற்பார். எதிர்வீட்டு ஜெகதீசன் சுவருக்கு மேலே தலையை நீட்டி, இது இந்த அம்மா வீட்டுச் சீர், அந்த அம்மாவுக்குப் பிறந்த வீடே இல்லையா என்று கேட்பார். பிறந்த வீடு என்றால் நான். திண்டிவனத்தில் ஒரு தெரு முழுக்க நான் இல்லாதவனாகிவிடுவேன். அதுவும் இருபத்தொன்று எங்கள் வீட்டு எண்ணிக்கை. அதை அவர் எப்படி எடுத்தார்?

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஜெயத்திடம் என் முடிவைச் சொன்னேன். முப்பத்தொரு தட்டு போகும். சீர் மட்டும்தான் உள்ளே போகும், நான் வாசலோடு திரும்பிவிடுவேன். ஜெயம் சரிங்க என்றாள். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் சரி சொன்னதில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து ஜெயம் போனைக் காதில் வைத்துக்கொண்டே களத்துக்கு வந்தாள். பிரான்சிஸுக்கு நம்முடைய முப்பத்தொன்று எப்படியோ எட்டிவிட்டதாம், அவர் ஐம்பத்தொன்று என்கிறாராம். நான் அறுபத்தொன்று என்றேன். வாரக் கடைசியில் அவர் எழுபத்தைந்து. இந்த மனிதர் ரயிலுக்குப் பெட்டி கோக்கிற மாதிரி தட்டைக் கோத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். நூற்றியொன்று என்று சொல்லி, இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம் என்றும் சொன்னேன். பிரான்சிஸும் நூற்றியொன்றோடு நிறுத்திக்கொண்டார் என்று தகவல் வந்தது. எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்காவது தெரிந்ததே என்று இருந்தது.

நூற்றியொன்று என்று வாயால் சொல்வது சுலபம். கோயில் பொதுச்சாமானிலிருந்து எவர்சில்வர் தட்டுகள் எடுத்தோம், போதவில்லை, திருமண மண்டபத்தில் கேட்டு வாங்கினோம். பழவகை பதினாறு தட்டோடு முடிந்துவிட்டது. பாத்திரம் இருபது. மளிகை இருபத்தைந்து. புது மல்லாட்டை ஐந்து தட்டு, கேப்பை மாவு மூன்று. எண்பதைத் தாண்டியதும் ஜெயம் கண்ணில் பட்டதையெல்லாம் வைக்க ஆரம்பித்தாள். ஒரு தட்டில் கொசு அடிக்கிற பேட். ஒரு தட்டில் சுவர்க்கடிகாரம். ஒரு தட்டில் முழங்கால் வலிக்குத் தைலம், வெந்நீர் ஒத்தடப் பை, அதைச் சுற்றிக் கதம்பப் பூ. தைலத்தைச் சீர்த் தட்டில் வைக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை என்றேன். யாருக்கு வலிக்கிறதோ அவர்களுக்கு வழக்கம் உண்டு என்றாள். கடைசி நான்கு தட்டுக்குப் பூசணிக்காய். அது வழக்கம்தான்.

துணித் தட்டு மட்டும் என் பொறுப்பு. அதை நான் யாரிடமும் விட்டதில்லை. விழுப்புரத்தில் எங்களுக்கு வாடிக்கையான ஜவுளிக்கடைக்குப் போனேன். சீர்ப்பிரிவில் சங்கவி என்ற பெண் இருந்தாள். சீர் என்றதும் ஒரு பட்டுப்புடவை, ஒரு பட்டுவேட்டி, துண்டு, சட்டைத்துணி எல்லாம் சேர்த்துக் கட்டிய பெட்டியை எடுத்து வைத்தாள். மாப்பிள்ளைக்கு எட்டு முழமா, நான்கு முழமா என்று கேட்டாள்.

நான் தோளிலிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். வேட்டி வேண்டாம் என்றேன். அப்படியென்றால் வெறும் புடவையா என்றாள். இல்லை, துணை இருக்கிறது என்றேன். துணைக்கு என்ன எடுக்க என்றாள். பக்கத்தில் இரண்டு குடும்பங்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. என்னுடைய எழுபது வருஷத்தில் நான் ஒரு கடைப்பெண்ணிடம் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை. அன்றும் தாழ்த்தவில்லை.

“ரெண்டும் புடவை,” என்றேன். “ஒண்ணு என் தங்கச்சிக்கு. ஒண்ணு அது கூட வாழ்ற அம்மாவுக்கு.”

சங்கவி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு வேட்டிப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, அந்த அம்மா எப்படி இருப்பார்கள், என்ன நிறம் எடுக்கலாம் என்று கேட்டாள். நல்ல கறுப்பு, உயரம், நரையை மறைப்பதில்லை, இடது முழங்காலில் வலி இருப்பதால் கனமான ஜரிகை வேண்டாம் என்றேன்.

“நல்லா பாத்து வெச்சிருக்கீங்க தாத்தா,” என்றாள்.

நான் ஜெசிந்தாவைப் பார்த்தது ஒரே ஒரு முறை. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தையலுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று ஜெயம் சொன்னாள். நான் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, உரம் வாங்கி வருவதாகக் கிளம்பித் திண்டிவனம் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல் பச்சைத் துணிக் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த அம்மா. அவித்த மல்லாட்டையை உரித்து, ஒவ்வொரு பருப்பாகத் தோலையும் நீக்கி, தையலின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள். தையல் அதைத் தின்றுகொண்டே ஏதோ சொல்ல, அந்த அம்மா சிரித்துவிட்டுத் தன் முந்தானை நுனியால் தையலின் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. தையலும் கொஞ்சம் அந்தக் கைப்பக்கமாகச் சாய்ந்தாள். பிறகு தண்ணீர் பிடிக்க எழுந்தபோதுதான் அந்த அம்மா காலைச் சாய்த்து நடப்பதைக் கவனித்தேன். தூணுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். உரம் வாங்க மறந்துவிட்டேன். ஸ்டாக் இல்லை என்று வீட்டில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் மிகக் குறைவு, அதில் இது ஒன்று.

சங்கவி மாம்பழ நிறத்தில் ஒன்றும் கருநீலத்தில் ஒன்றும் விரித்துக் காட்டினாள். விரித்துக்கொண்டே, நேற்றும் ஒரு பெரியவர் இதே மாதிரி வேட்டியை ஒதுக்கிவிட்டு இரண்டு புடவை எடுத்தார், காரணம் சொல்லாமல் சட்டைக் காலரை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார் என்றாள். சட்டை இஸ்திரி போட்டதா என்று கேட்டேன். கத்தி மாதிரி மடிப்பு என்றாள். என்ன நிறம் எடுத்தார் என்று கேட்டேன். கிளிப்பச்சையும் குங்குமச் சிவப்பும். அவர் எடுத்ததைவிட ஒரு படி மேலாக எடு என்றேன். கையிலிருந்த துண்டை அப்போதுதான் விட்டேன்.

விசேஷத்தன்று காலை எட்டு மணிக்கு எங்கள் ஊரில் பாதி, ஒரு பஸ்ஸிலும் இரண்டு டாட்டா ஏஸிலும் மரக்காணம் ரோட்டில் போய் இறங்கியது. நாதஸ்வரம் முன்னால், நான் அதற்குப் பின்னால், எனக்குப் பின்னால் ஜெயம் துணித் தட்டோடு, அவளுக்குப் பின்னால் நூறு தட்டு. கடைசித் தட்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு லாரிகள் ஹாரன் அடித்தே ஓய்ந்துவிட்டன. தையலின் தெரு முனைக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து பேண்டு வாத்தியம் கேட்டது. டிரம்பெட் ஊதுகிறவருக்குப் பின்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வந்தார். அவருக்குப் பின்னால் தட்டு, தட்டு, தட்டு.

தெரு பன்னிரண்டு அடி. ஓரத்தில் சாக்கடை வேலைக்கு ஜல்லி கொட்டியிருந்தது. ஒரு ஊர்வலம்தான் போகலாம். நானும் நின்றேன், அவரும் நின்றார். நாதஸ்வரமும் டிரம்பெட்டும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று அடக்கப் பார்த்துவிட்டு இரண்டும் அடங்கின.

“நீங்க பச்சைமுத்து சார்தானே,” என்றார் பிரான்சிஸ். ஐயா என்று சொல்லவில்லை, சார் என்றார். அதை அழுத்தியும் சொன்னார். அவருடைய அம்மா என் அப்பாவை எப்படிக் கூப்பிட்டிருப்பார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நானும் பிரான்சிஸ் சார் என்றேன். முதலில் இருபத்தொன்று என்று ஆரம்பித்தவர் நீங்கள், நூற்றியொன்று வரை இழுத்ததும் நீங்கள், அதனால் நான் முன்னால் போவதுதான் முறை என்றேன்.

அவர் முகம் மாறியது.

“நான் எங்க சார் ஆரம்பிச்சேன்? நான் வரவே மாட்டேன்னு சொல்லிட்டேன். உங்க வீட்டுக்காரங்க பச்சத் தண்ணி குடிக்காத வீட்டுக்கு நான் ஏன் தட்டு தூக்கிக்கினு வரணும்னு கேட்டேன். ஜெசிந்தாதான், தையல் அண்ணன் இருபத்தொரு தட்டு எடுத்துக்கினு வர்றார்னு சொல்லிட்டுப் போச்சு.”

நானும் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன் என்றேன். நான் திரும்பி ஜெயத்தைப் பார்த்தேன். ஜெயம் துணித் தட்டில் இருந்த மல்லிகைச் சரத்தை மிகவும் கவனமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிரான்சிஸ் திரும்பித் தன் மனைவி இருதயமேரியைப் பார்த்தார். அந்த அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

பிறகு இரண்டு பேரும் தெருவுக்குள் பார்த்தோம். ஏழாவது வீட்டு வாசலில், வாழைமரத்துக்குப் பக்கத்தில், தையலும் ஜெசிந்தாவும் நின்றிருந்தார்கள். ஜெசிந்தா முந்தானையை வாயில் வைத்து அடைத்திருந்தாள், தோள் குலுங்கியது. தையல் அவளை விலாவில் இடித்து நிறுத்தப் பார்த்துத் தானும் சிரித்துவிட்டாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தையலின் கை ஜெசிந்தாவின் கையைத் தேடிப் பிடித்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அது எனக்குத் தெரிந்தது.

நாங்கள் திரும்பிப் போயிருக்கலாம். ஏமாற்றிக் கூட்டிவந்த இடத்தில் நிற்க வேண்டிய அவசியம் எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. பிரான்சிஸ் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். எதற்கு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் கை துண்டில் இருந்தது.

அப்போதுதான் எதிர்வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு ஜெகதீசன் வந்தார். கட்டம் போட்ட லுங்கி, கையில் பல் துலக்கும் பிரஷ். தெரு முனையிலிருந்து இரண்டு பக்கமும் நீண்டிருந்த தட்டுகளைப் பார்த்தார். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. சங்கச் செயலாளர் என்ற முறையில் அவர் எங்களிடம் வந்து, கல்யாணமா, இதில் மாப்பிள்ளை வீட்டார் யார், பெண் வீட்டார் யார் என்று கேட்டார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் என்றால் முன்னால் போகலாம். அந்த எண்ணம் எனக்கு ஓடியது. பிரான்சிஸ் கண்ணிலும் அதே எண்ணம் ஓடியதைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடினோம்.

“ரெண்டும் பொண்ணு வீடுதான்,” என்றார் பிரான்சிஸ்.

ஜெகதீசன் என்னைப் பார்த்தார். பிரஷ்ஷை அந்த ஏழாவது வீட்டுப் பக்கம் காட்டி, அந்த அம்மாங்களுக்கு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார்.

எனக்கு முதுகு எப்போதும் நேராகத்தான் இருக்கும். இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நேராக்கிக்கொண்டேன்.

“அவரு தங்கச்சிக்கும் என் தங்கச்சிக்கும் பொறந்த வீட்டுச் சீர்,” என்றேன். “அவங்க சேந்து வாழ்ற வீட்டுக்கு வந்திருக்குது. ரெண்டு பக்கமும் சேத்து இருநூத்தி ரெண்டு தட்டு. எண்ணிப் பாக்கணும்னா எண்ணிக்கோங்க. இந்த ஜல்லிய மட்டும் ஓரமா அள்ளியிருந்தா நாங்க இவ்ளோ நேரம் நின்னிருக்க மாட்டோம். சங்கத்துல எடுத்துச் சொல்லுங்க.”

ஜெகதீசன் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஜல்லியைப் பார்த்தார். பிரான்சிஸ் என்னைப் பார்த்தார். பிறகு முப்பத்து நான்கு வருஷம் வண்டி அனுப்பியவர் கையைத் தூக்கி ஒரு தடவை ஆட்டினார். நாதஸ்வரமும் பேண்டும் சேர்ந்து கிளம்பின. நானும் அவரும் தோளோடு தோள் உரச முன்னால் நடந்தோம். ஒரு அடி அவர் முன்னால் வைத்தால் நான் ஒரு அடி எட்டி வைத்தேன், அதனால் கொஞ்சம் வேகமாகவே போய்ச் சேர்ந்துவிட்டோம். பின்னால் இரண்டு ஊர்ப் பெண்களும் கலந்துவிட்டார்கள். எது யார் தட்டு என்று பிறகு யாராலும் பிரிக்க முடியவில்லை. மண்டபத்துத் தட்டு பதினொன்று இன்னும் விழுப்புரத்தில் இருக்கிறது.

வாசலோடு திரும்புவதாகச் சொன்னேன் அல்லவா. வாசலில் திரும்ப இடம் இல்லை. பின்னால் இருநூற்றி இரண்டு தட்டு வந்துகொண்டிருந்தது.

உள்ளே துணித் தட்டுகளைக் கொடுத்தோம். புதுத் துணி கட்டிக்கொண்டு வந்து பால் காய்ச்ச வேண்டும். இரண்டு பேரும் வந்தபோது தையல் பிரான்சிஸ் எடுத்த கிளிப்பச்சையில் இருந்தாள். ஜெசிந்தா நான் எடுத்த கருநீலத்தில் இருந்தாள். மாம்பழ நிறமும் சிவப்பும் பீரோவுக்குப் போய்விட்டன. கருநீலம் அவளுக்குப் பொருந்தியது. நான் எடுத்தது என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே கரண்டியைப் பிடித்து, பால் பொங்கும் வரை அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொங்கியதும் தையல் நெற்றியால் ஜெசிந்தாவின் தோளில் ஒரு முட்டு முட்டினாள். ஜெகதீசனின் மனைவி முன்வரிசையில் நின்று குலவையிட்டார். தெருவில் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். இடம் போதாமல் ஜெகதீசன் தன் வீட்டிலிருந்து நாற்காலிகளைத் தானே தூக்கி வந்தார்.

ஜெசிந்தா என் எதிரில் வந்து குனியப் பார்த்தாள். முழங்கால் வலியோடு அதெல்லாம் வேண்டாம் என்றேன். அவள் நிமிர்ந்து, கையில் இருந்த காபி டம்ளரை நீட்டினாள்.

“இது மூணு வருஷத்துக் காபி அண்ணே,” என்றாள். “அன்னிக்கு ஆஸ்பத்திரியில தூணுக்குப் பின்னாடி நின்னீங்களே, வாங்கிக்கினு வர்றதுக்குள்ள பஸ் ஏறிட்டீங்க. தையலுக்குக் கண்ணு கட்டியிருந்துச்சு. எனக்குக் கட்டலையே.”

டம்ளரை வாங்கினேன். எங்கள் வீட்டில் யாரும் செய்யாததைச் செய்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடேயே குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பிரான்சிஸ் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் கடைசிச் சொட்டு வரை குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அவர் தன் காபியை எடுத்தார்.

கிளம்பும்போது தையல் பஸ் வரை வந்தாள். கோபமா அண்ணே என்று கேட்டாள். பொய் சொல்லி என்னை ரோட்டில் நிறுத்தியதற்கு ஒரு நாள் விசாரணை இருக்கிறது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, ஏறப்போன ஜெயத்திடம் மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“அண்ணி, சீர்னு ஒரு தடவ வந்துட்டா அப்புறம் வருஷா வருஷம் பொங்கல் சீரும் வரணும் இல்ல? பிரான்சிஸ் அண்ணன் இப்பவே இன்னாவோ கணக்குப் போட்டுக்கினு இருக்காராம்.”

இந்த முறை நான் ஏமாறவில்லை. போன் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். மார்கழி பிறந்ததும் நானே பிரான்சிஸைக் கூப்பிட்டு, இந்தப் பெண்கள் விளையாட்டுக்கு ஒரு முடிவு கட்டுவோம், ஆளுக்குப் பதினொரு தட்டு, ஒன்று கூடாது, ஒன்று குறையாது என்றேன். அவர் உடனே சரி சார் என்றார். நாற்பத்தாறு வருஷ அனுபவத்தில், உடனே சரி சொல்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். அவர் பதிமூன்று கொண்டு வருவார்.

ஜெயத்திடம் பதினைந்து தட்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.